"இதை விற்காதீர்கள்" என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் நிறுவனத்துக்கு ஐந்து வயது முடிகிறது. பள்ளிகளுக்கான பாதுகாப்புப் பொருள்கள் செய்கிறோம். கதவின் கீல் இடுக்கை மூடும் விரல் காப்புப் பட்டை, வகுப்பறைப் பூட்டு, காது கேளாத பிள்ளைகளுக்கான அபாய விளக்கு. மூன்றே மூன்று பொருள்தான். நன்றி மடல் என்றால் தட்டிக்கொடுத்தவர்களை முதலில் சொல்வது முறை. எங்கள் கதையில் தடுத்தவர்கள்தான் அதிகம் உதவினார்கள் என்பதால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் அக்கா மகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வகுப்பில் இருந்தபோது கதவின் கீல் பக்கத்தில் விரல் மாட்டி நுனி போய்விட்டது. கதவை மூடியது இன்னொரு குழந்தைதான்; அது ஓங்கிக்கூட அடிக்கவில்லையாம். மெதுவாக மூடிய கதவு எப்படி விரலை வெட்டும் என்று எனக்குப் புரியவே இல்லை. புரியவைத்தவர் ஒரு தச்சர். "கதவு ஒரு நெம்புகோல் தம்பி" என்றார். கைப்பிடி கீலிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்கிறது, விரல் மாட்டியது 2 செ.மீ. தூரத்தில். கைப்பிடியில் ஒரு கிலோ எடைக்கு அழுத்தினாலே விரலில் நாற்பது கிலோ இறங்கும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. முதல் பட்டையை அவர் பட்டறையில்தான் வெட்டினோம். கூலி வாங்க மறுத்தார். "முதலில் ஒழுங்காக ஒட்டட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியே மறுத்தார். அண்ணே, உங்கள் சந்தேகம் சரியாக இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது வருடம் பட்டை ஓரளவு விற்றது. சில பள்ளிகள், ஆபத்தான ஆள் யாராவது உள்ளே நுழைந்துவிட்டால் வகுப்பறையை உள்ளிருந்து அடைக்க ஏதாவது செய்து தரமுடியுமா என்று கேட்டன. ஒரு இரும்புத் தண்டு செய்தோம். கதவுக்குக் குறுக்கே மாட்டினால் யானை வந்து முட்டினாலும் திறக்காது. நானூறு தண்டு வார்த்து அடுக்கிவிட்டு, ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பாராட்டவில்லை. ஏழு வயதுப் பேரனைக் கூப்பிட்டு, கண்ணைக் கட்டி, தரையோடு குனிந்து வரச்சொல்லி, "திறடா" என்றார். புகை நிறைந்த அறையில் அப்படித்தானே போகமுடியும்? பையன் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினான்.

அப்புறம்தான் 1883-இல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் நடந்ததைச் சொன்னார். விக்டோரியா ஹாலில் பிள்ளைகளுக்கான வேடிக்கைக் காட்சி. முடிவில் மேடையிலிருந்து பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மாடியில் இருந்த குழந்தைகள் படியில் இறங்கி ஓடினார்கள். கீழே இருந்த கதவு உட்பக்கம் திறப்பது. ஒருவர் மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழ் போட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நசுங்கி இறந்தார்கள். கூட்டம் சாய்ந்தாலே திறந்துகொள்ளும் அவசரத் தாழுக்கு ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் 1892-இல் காப்புரிமை பெற்றார். இன்று திரையரங்கின் அவசர வாசலில் இடுப்பளவில் இருக்கும் அந்த நீளத் தண்டு அந்த வழியில் வந்ததுதான். 2004-இல் கும்பகோணத்தில் தீயில் போன 94 பிள்ளைகளைப் பற்றி அதிகாரி எனக்குச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"ஆள் வந்தால் தடுக்கணும், தீ வந்தால் விடணும். இரண்டும் ஒரே கதவு செய்யணும். முடியாவிட்டால் இதை விற்காதீர்கள்" என்றார். என்எஃப்பிஏ 101 என்ற அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பைப் படிக்கச் சொன்னதும் அவர்தான். சாவி, கருவி, தனியாகத் தெரிந்திருக்க வேண்டிய வித்தை எதுவும் இல்லாமல் உள்ளே இருப்பவர் கதவைத் திறக்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. நானூறு தண்டும் பழைய இரும்பு விலைக்குப் போயின. அடுத்த மாதச் சம்பளம் தாமதமானது. பொறுத்துக்கொண்ட ஆறு பேருக்கும் அன்று வாயால் நன்றி சொல்லக்கூட முகமில்லை, இப்போது சொல்கிறேன்.

இப்போது நாங்கள் செய்யும் பூட்டில் ஆசிரியர் தாழ்வாரத்துக்குப் போய்ச் சாவி போட வேண்டியதில்லை. உள்ளே நின்று ஒரு குமிழைத் திருப்பினால் வெளிப்பக்கம் பூட்டிக்கொள்ளும். உட்புறக் கைப்பிடியை அழுத்தினால் பூட்டும் தாழும் சேர்ந்தே விடுபடும். ஒரே அசைவுதான். அதிகாரியின் பேரன் கண்ணைக் கட்டிக்கொண்டு திறந்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். எங்களுக்குக் கிடைத்த ஒரே தரச்சான்றிதழ் அது என்று நினைக்காதீர்கள், ஆனால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத் தோன்றியது அது ஒன்றைத்தான்.

காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியை ஒருவருக்கும் பெரிய கடன் இருக்கிறது. அபாய விளக்கு படபடவென்று மின்னினால்தான் அவசரம் தெரியும் என்று நினைத்து முதல் மாதிரியை அப்படியே செய்திருந்தோம். அவர் பார்த்ததும், "என் வகுப்பில் வலிப்பு வரும் பிள்ளையும் இருக்கிறான், அவனை என்ன செய்யட்டும்?" என்றார். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். அதனால்தான் தீ எச்சரிக்கை விளக்குகள் நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் மின்னக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதோடு முடியவில்லை. ஒரே அறையில் இரண்டு விளக்கு முன்னும் பின்னுமாக மின்னினால் கண்ணுக்கு அது இரட்டை வேகம். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் மின்ன வைக்க எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. டீச்சர், அந்த எட்டு மாதமும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தோம். மன்னியுங்கள்.

பணம் போட முன்வந்த ஒருவர், இரத்தம் சொட்டும் விரலை விளம்பரத்தில் காட்டச் சொன்னார். பெற்றோர் பயந்தால் விற்பனை தானாக வரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், வந்திருக்கும். எங்கள் முதல் வாடிக்கையாளரான தலைமையாசிரியை மட்டும், "அதை ஒட்டினால் என் பள்ளியில் உங்கள் பட்டை இருக்காது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பணம் வரவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கொடுத்த நண்பனுக்கு நன்றி; கடைசித் தவணை வரும் மாதம் முடிகிறது, பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

விரல் பட்டையின் வரைபடத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தோம். யார் செய்தாலும் விரல் தப்பினால் சரி என்று அன்று வீராப்பாகப் பேசினேன். அதைப் பார்த்து இன்னொருவர் எங்களைவிட மலிவாகச் செய்து விற்கிறார். சில நாள் வயிறு எரிகிறது, மறைப்பானேன். அந்த முடிவுக்குக் கடைசிவரை சம்மதிக்காத எங்கள் கணக்காளர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார், அதற்கே அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வழக்கறிஞர், வண்டி ஓட்டிய தம்பி, பில் போட்ட அன்றே பணம் அனுப்பும் அந்த இரண்டு பள்ளிகள், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக, ஒரு பள்ளியில் தரை துடைக்கும் அம்மா. எங்கள் முதல் பட்டையைப் பசை வைத்துத்தான் ஒட்டினோம். ஒரு நாள் அவர் தலைமையாசிரியையின் போனை வாங்கி என்னையே அழைத்தார். கழுவும் தண்ணீர் கதவின் அடியில் தேங்குகிறது, பசை விட்டுவிட்டது, பட்டை பிதுங்கி நிற்கிறது, பிள்ளைகள் அதற்குள் விரலை விட்டு விளையாடுகிறார்கள் என்றார். காப்பதற்கு வைத்ததே இடுக்காகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு விற்ற எல்லாவற்றையும் திரும்பப் பெறத் தொடங்கினோம். இப்போது பட்டை தரைக்குச் சற்று மேலேயே நிற்கும், பசைக்குப் பதில் திருகாணி. அவர் போன் செய்யாவிட்டால் எப்போது தெரிந்திருக்குமோ.

அந்த முதல் தொகுப்பில் இன்னும் சில எங்கள் கைக்கு வரவில்லை. சாம்பல் நிறம், ஓரத்தில் திருகாணி இருக்காது. உங்கள் பிள்ளையின் பள்ளிக் கதவில் அப்படி ஒன்றைப் பார்த்தால் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். இலவசமாக வந்து மாற்றிக் கொடுக்கிறோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து எல்லோரும்