நீலச்சிறகியைக் கிளுவை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தை மாதத்து ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குக் கந்தளாய்க் குளத்துக்கும் தம்பலகாமம் குடாவுக்கும் போகிறவர்கள், கபில நிறச் சின்ன வாத்தைக் கண்டதும் கிளுவை என்று எழுதிவிடக் கூடாது. நம் பக்கம் கூட்டங்கூட்டமாக வலசை வருவது நீலச்சிறகி. கிளுவை இலங்கைக்கு அரிதாகவே வரும்.

குழப்பம் வருவதில் வியப்பில்லை. ஆண் நீலச்சிறகியின் அகன்ற வெண்புருவத்தைப் படத்தில் பார்த்தவர்கள் அதையே தேடுகிறார்கள். ஆனால் இங்கு வந்திறங்கும்போது ஆணும் பெட்டையைப் போல மங்கலாகத்தான் இருக்கும். இறகு மாறி அந்தப் புருவம் தெளியப் பெப்ரவரி ஆகிவிடும்.

ஆகவே முகத்துக் கோடுகளை எண்ணுங்கள். கண்ணுக்கு மேல் வெளிர்கோடு, கண்ணூடே கருங்கோடு, அதற்குக் கீழே கன்னத்தில் இன்னொரு கருங்கோடு, அலகு தொடங்கும் இடத்தில் வெளிர் பொட்டு, வெள்ளைத் தொண்டை: இவை இருந்தால் நீலச்சிறகி. கிளுவையின் கன்னம் வெறுமையாக இருக்கும்; வாலடியின் இரு பக்கமும் ஒரு வெளிர் கீற்று ஓடும். அல்லி படர்ந்த குளங்களில் குள்ளத்தாரா என்னும் சிறு வாத்தின் பெட்டையும் ஏமாற்றும். அதற்கும் கண்கோடு உண்டு, கன்னக்கோடு இல்லை, அலகும் குட்டை.

சேற்றில் தலை புதைத்து மேய்ந்த பறவைக்கு முகத்தில் காவி ஏறிப் பொட்டும் கோடும் மறைந்துபோகும். அப்போது சிறகைத்தான் பார்க்க வேண்டும். ஆண் நீலச்சிறகியின் முன்சிறகு எந்தப் பருவத்திலும் வெளிர் நீலச்சாம்பல். பெட்டைக்கு அந்த நீலம் இராது. ஆனால் சிறகில் உள்ள இரு வெளிர் பட்டைகளில் பின்னோர வெள்ளைப் பட்டை முன்பட்டையிலும் தடிப்பாக இருக்கும். கிளுவைக்கு நேர்மாறு: இரு பட்டைகளுக்கும் நடுவே சிறகில் உள்ள பச்சைத் திட்டுக்கு முன்னால் உள்ள பட்டைதான் தடிப்பு.

இதற்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புவது பெரும் அநியாயம். இவை பெரும்பாலும் இரவில் மேய்ந்து, பகலில் அலகை முதுகிறகில் செருகி உறங்குபவை. வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்று பொறுத்திருந்தால், விழித்ததும் தாமாகவே சிறகை விரித்து உதறும். கமரா இருந்தால் 1/2000 செக்கன் வேகத்தில் தொடர்ச்சியாகப் படமெடுங்கள்; அதற்குக் குறைந்தால் பட்டைகள் கலங்கிவிடும். முகமும் சிறகும் பிடிபடாத பறவைகளை ‘இனம் அறியாத வாத்து’ என்று எண்ணிக்கையுடன் தனியே எழுதுங்கள்.

இங்ஙனம்,
பறவை நோக்குநர்கள்,
தம்பலகாமம், திருகோணமலை.