தோற்றாலும் டிக்கெட் விற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலில் கொலராடோ ராக்கீஸ் அணி தோற்கும்போதெல்லாம் டென்வர் நகரின் உயரத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் கர்வ் பந்து சரியாக வளையாது. அடிபட்ட பந்தோ கூடுதல் தூரம் பறக்கும். அப்படிப் பறப்பதைக் குறைக்க, 2002 முதல் ஈரப்பதம் காக்கும் அறையில் பந்துகளை வைத்து எடுத்தும் ஓரளவுதான் பலன். தங்கள் புள்ளிவிவரம் கெட்டுவிடும் என்று பெயர்பெற்ற பிட்சர்கள் அங்கே வரத் தயங்குகிறார்கள். ஆகவே இளம் பிட்சர்களை எடுத்துச் சொந்தமாகத்தான் வளர்க்க வேண்டும். அது பல வருட வேலை. அதனால் இந்த சீசனுக்கு ஒரு டிக்கெட்கூட அதிகம் விற்காது. நிர்வாகம் அதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுதான் என்பேன்.

மைதானத்தை விற்பதில் மட்டும் அவர்கள் கெட்டிக்காரர்கள். 2014-ல் அணியின் மைதானமான கூர்ஸ் ஃபீல்டின் வலதுபக்க மேலடுக்கு இருக்கைகளைப் பெயர்த்துவிட்டு, பீரும் கையுமாக நின்று பேசத் திறந்த மாடி ஒன்றைக் கட்டினார்கள். கோடையில் மலை பார்க்க வரும் பயணிகள் ஒரு பக்கம். டாட்ஜர்ஸ், கப்ஸ் வரும் நாட்களில் அந்த அணிகளின் ரசிகர்கள் இன்னொரு பக்கம். 2025-ல் 162 ஆட்டங்களில் 119 தோல்வி, ஆனால் மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் 24 லட்சம் பேர். கால்பந்து லீக்குகளைப் போலக் கடைசி அணியைக் கீழ்நிலை லீக்குக்கு இறக்கும் விதியும் அங்கே கிடையாது. பிறகு எந்த உரிமையாளருக்கு அவசரம் வரும்?

செலவே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ராக்கீஸுக்கு ஆடிய எட்டு சீசனிலும் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளோவ் விருது வாங்கிய நோலன் அரெனாடோவை 2021-ல் செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, கூடவே சுமார் 5 கோடி டாலரையும் கொடுத்தார்கள். மறு ஆண்டே கிரிஸ் பிரையன்ட் என்ற வீரருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 18.2 கோடி டாலர்! அணியின் தேவையைவிட, டிக்கெட் விற்க ஒரு பிரபல முகம்தான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. காயங்களால் அவர் 2025-ல் ஆடியது 11 ஆட்டம்தான்.

2025 நவம்பரில் பால் டிபோடெஸ்டாவை வெளியிலிருந்து கொண்டுவந்து அணியின் ஆட்டத் துறையை நடத்தும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பிட்சர் பயிற்சிக்கு அவர் கேட்கும் பணத்தை உரிமையாளர் டிக் மான்ஃபர்ட் கொடுக்கிறாரா என்பதை உங்கள் விளையாட்டுப் பகுதி தொடர்ந்து கவனித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகர்