ஒரே பச்சை விளக்கில் இருவரும் புறப்படட்டும்

நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் விதிக்குழுவினருக்கு,

வணக்கம். இரண்டு வண்டிகள் நேர்ப்பாதையில் மோதும் உங்கள் டிராக் பந்தயத்தில், கம்பெனிக் கார்களை வைத்து ஓட்டும் ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் பிரிவுகளின் கிளாஸ் போட்டியை, அதாவது ஒரே தரத்து வண்டிகள் தமக்குள் மோதும் போட்டியை, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் வெயிலில் உட்கார்ந்து பார்த்த ரசிகன் நான். அந்தப் போட்டி சில பந்தயங்களோடு சுருங்கிப்போனது மனதை உறுத்துகிறது. இன்னும் பல ஊர்களில் அதை நடத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1951-இல் வாலி பார்க்ஸ் உங்கள் சங்கத்தைத் தொடங்கியது, தெருவில் பந்தயம் விட்ட பையன்களைப் பாதுகாப்பான ஓடுபாதைக்குக் கொண்டுவரத்தான். வந்தவர்களிடம் இருந்ததோ விதவிதமான வண்டிகள். அப்பா வாங்கிய குடும்பக் காரோடு வந்தவனும் கால் மைலில் தன் இணையைச் சந்திக்க வழிசெய்தது கிளாஸ்தான். ஸ்டாக்கில், கம்பெனி சொன்ன எடையைக் கம்பெனி சொன்ன குதிரைத்திறனால் வகுத்தார்கள். 3,200 பவுண்டு வண்டிக்கு 320 குதிரைத்திறன் என்றால் விடை 10. அந்த எண் A, B என்று எந்த எழுத்தின் வரம்பில் விழுகிறதோ அதுவே அவன் கிளாஸ். கேஸர் எனப்படும், பெட்ரோலில் ஓடும் மாற்றியமைத்த வண்டிகளுக்குக் குதிரைத்திறனுக்குப் பதில் இன்ஜினின் கன அங்குலம்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? குதிரைத்திறனைக் குறைத்துக் காட்டின. கிரைஸ்லரின் 426 ஹெமி இன்ஜினுக்கு 425 குதிரைத்திறன் என்று விளம்பரம். ஓடுபாதையில் தெரிந்த பலம் வேறு. நீங்களும் விடவில்லை. அவர்கள் சொன்ன எண்ணை ஒதுக்கி, உங்கள் எண்ணை எழுதினீர்கள். வென்றவனின் இன்ஜினைப் பிரித்து அளந்து பார்த்தீர்கள். அந்தக் கறாருக்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை.

1966-இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த உங்கள் விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் ஷர்லி ஷஹான் வென்றதும் ஸ்டாக்கில்தான். உங்கள் தேசியப் பந்தயமொன்றில் பட்டம் வென்ற முதல் பெண் அவர்.

பிறகு டயல்-இன் என்ற முறை வந்தது. ஓட்டுபவர், தன் வண்டி ஓடி முடிக்க எடுக்கும் நேரத்தைத் தானே முன்கூட்டி எழுதிவைப்பார். மெதுவான வண்டி முன்னால் கிளம்பும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. கையில் பணம் குறைந்தவர்களும் களத்தில் நிற்க அது உதவுகிறது. அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே, ஜெயிக்கிற நேரத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறது. குளிர்காலம் முழுக்க கராஜில் நின்று நூறில் ஒரு விநாடியைத் தேடி எடுத்தவர், அதை மறைத்துவைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். கிளாஸ் போட்டியில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அந்த நூறில் ஒரு விநாடிக்கு அங்கேதான் மதிப்பு.

பந்தய வாரத்தில் ஒரு காலைப்பொழுதை அவர்களுக்கு ஒதுக்குங்கள். நாங்கள் விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
ஒரு ரசிகன்