பெரிய ஜெட் மாட்டுவதற்கு முன்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பழைய வண்டியிலிருந்து கழற்றித் தாளில் பரப்பி வைத்திருக்கிறாய் என்று படித்தபோது, ஒரே ஸ்பேனரை நாம் இருவரும் மாறி மாறிக் கேட்டு வாங்கிய நாட்கள் நினைவுக்கு வந்தன. என் வண்டியும் நலமே. காலையில் எழுந்து நடமாட மட்டும் அதற்கும் எனக்கும் இப்போது சற்று நேரம் பிடிக்கிறது.

பெட்ரோல் பாயும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டான மெயின் ஜெட்டை 100-இலிருந்து 110-க்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். உன்னுடையது கெய்ஹின் நிறுவனத்தின் கார்புரேட்டர் என்பதால், அந்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது: 100 என்றால் 1.00 மில்லிமீட்டர், 110 என்றால் 1.10. பத்து எண் ஏறினால் பத்து விழுக்காடுதானே என்று தோன்றும்; ஆனால் பெட்ரோல் பாய்வது துளையின் பரப்பைப் பொறுத்தது என்பதால் கூடுவது 21 விழுக்காடு. ஏர் ஃபில்டரும் சைலன்சரும் வண்டியோடு வந்தவையாகவே இருக்கும்போது, உள்ளே போகும் காற்று கூடவில்லை. பிறகு அவ்வளவு பெட்ரோல் எதற்கு?

அதைவிட முக்கியமானது நீ எழுதியிருக்கும் குறை. ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கினால் வண்டி நன்றாக இழுக்கிறது. கால் பங்கிலும் பாதியிலும் திணறுகிறது. எஞ்சின் சூடான பின்னும், கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கைச் சற்று இழுத்து வைத்தால் சரியாகிறது. மெயின் ஜெட்டின் ஆட்சி ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் திறக்கும்போதுதான். ஐட்லிங்கிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட் என்ற சிறிய ஜெட், அதன் பின் முக்கால் வரை, பித்தளைக் குழலுக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோலை அளந்துவிடும் ஊசி, என்று ஒவ்வொன்றும் தன் பொறுப்பை அடுத்ததிடம் சிறிது சிறிதாகக் கைமாற்றிக் கொடுக்கிறது. நீ மாற்ற நினைப்பது, குறையே சொல்ல முடியாத இடத்தில் வேலை செய்யும் ஒரே ஜெட்டை.

சோக் உதவுகிறது என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பழைய வண்டியில் அதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது, கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயை. ஆண்டுக்கணக்கான சூட்டில் அது வெடித்து, அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஆக்சிலேட்டரைக் குறைவாகத் திறந்திருக்கும்போது எஞ்சினின் உறிஞ்சும் விசை அங்கே மிகுதி என்பதால் கசிவும் அப்போதுதான் உறைக்கும். முழுதாகத் திறந்தால் பொருட்டாகத் தெரியாது. நானே இதில் ஏமாந்தவன். இதே திணறலுக்கு இரண்டு பெரிய ஜெட்களை அடுத்தடுத்து மாட்டி, ஸ்பார்க் பிளக் கரி பிடித்த பின்புதான் ரப்பரை வளைத்துப் பார்த்தேன். விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரைத் தெளித்துப் பார். ஓட்டத்தின் ஒலி மாறினால் கசிவு அங்கேதான்.

ரப்பர் நன்றாக இருந்தால் அடுத்தது பைலட் ஜெட். துளை மிகச் சிறியது. நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசின் போல அடைத்துக்கொள்ளும். அதைக் கரைப்பானில் ஊறவைத்து ஊதி எடு, கம்பியைவிட்டுக் குத்தாதே, பித்தளை மென்மையானது. இவ்வளவும் செய்த பின்பும் பாதியில் திணறினால், ஊசியின் மேல்பகுதிப் பள்ளங்களில் ஒன்றில் மாட்டி அதன் உயரத்தை நிறுத்தும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கு. ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். ஆனால் ஊசி நுழையும் பித்தளைக் குழல் பல ஆண்டு உரசலில் தேய்ந்திருந்தால் அது ரப்பர் கசிவுக்கு நேரெதிராகப் பெட்ரோலைக் கூடுதலாக விடும். ரப்பர் கசிவும் இந்தத் தேய்மானமும் ஒரே வண்டியில் சேர்ந்தால், ஒன்றின் குறையை மற்றது மறைத்துக்கொண்டு ஆளை அலைக்கழிக்கும்.

உன் பக்கம் இருக்கும் ஒரே நியாயம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். பத்து விழுக்காடு எத்தனால் கலந்தால் ஏறத்தாழ 14.1 போதும். அதாவது அதே காற்றுக்குச் சுமார் நான்கு விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். 100 எண் ஜெட்டைப் பொறுத்தவரை, அதே பரப்புக் கணக்கில், அது 102 ஆவதற்குச் சமம். 110-க்கு வெகு தூரம்.

பின்னாளில் திறந்த ஃபில்டரும் தடையற்ற சைலன்சரும் மாட்டினால் கதை வேறு. அப்போது சற்றுப் பெரிய ஜெட்டில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி வா. பெட்ரோல் மிகுந்தால் புகையும் கரியும்தான். குறைந்தால் சூடேறிப் பிஸ்டனே ஓட்டையாகலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது, இக்காலப் பெட்ரோலில் அதன் நிறம் முன்போலத் தெளிவாகப் பேசுவதில்லை என்றாலும்.

ரப்பரைச் சோதித்துவிட்டு எழுது. கிளிப் இப்போது மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது என்பதையும், கழற்றுவதற்கு முன்பே எண்ணி, மறக்காமல் குறிப்பிடு.

அன்புடன்,
உன் பழைய தோழன்