ஏரியில் போன மரக்கப்பல் பற்றி மாமாவுக்கு

மில்வாக்கி, விஸ்கான்சின்
நவம்பர்

யேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் அத்தை சுகத்துக்கும் பனிமய மாதாவை வேண்டிக்கொள்கிறோம். போன தடவை போனில், "ஏரியில போய் கப்பல் முழுகுமா, கரைக்குத் திருப்பியிருக்கலாமே" என்று கேட்டீர்கள். தோணியை நடத்தும் தண்டலாக ஓடிய உங்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏரி என்றதும் நமக்குக் கோரம்பள்ளம் குளம்தான் கண்ணில் வரும். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக 300 மைலுக்கு மேல் நீளம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிற தூரத்தைவிட அதிகம். அகலம் 118 மைல், அதிக ஆழம் 923 அடி. நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. அலை மட்டும் நம் கடல் அலை மாதிரி நீளமாக வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கப்பலின் முன்பக்கம், அதுதான் அணியம், ஓர் அலையிலிருந்து எழுவதற்குள் அடுத்தது தளத்தில் ஏறிவிடும்.

நான் சொன்ன கப்பலின் பெயர் ரவுஸ் சிம்மன்ஸ். 1868இல் இதே மில்வாக்கியில் கட்டியது. மூன்று பாய்மரம் கொண்ட ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல். நீளம் 123 அடி, அகலம் 27 அடி, சரக்கறையின் ஆழம் 8 அடி சொச்சம். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும், அடிப்பகுதி தட்டையானது. இங்குள்ள துறைமுக வாய்கள் ஆழமில்லாதவை. அதனால் அடியில் ஓடும் ஏரா மரத்தை ஆழமாக வைக்காமல், நடுவில் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் ஏற்றி இறக்கும் பெரிய பலகை ஒன்றை வைத்தார்கள். ஆழத்துக்கு வந்ததும் பலகையை இறக்கினால் கப்பல் பக்கவாட்டில் சறுக்காது. ஆனால் கப்பலின் முதுகெலும்பை ஒட்டியே இவ்வளவு பெரிய பிளவு! வயதானால் அந்தப் பெட்டியின் பொருத்துகளில்தான் முதலில் ஒழுகும்.

இன்னொன்று கேளுங்கள். நன்னீரில் பலகையைத் துளைக்கும் புழு கிடையாது. ஆனால் உப்பு இல்லாததால் தண்ணீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற மரம் சீக்கிரம் உளுத்துவிடும், முக்கியமாக மழைத்தண்ணீர் தேங்குகிற இடங்களில். அதற்காக வங்குகளுக்கு, அதாவது கப்பலின் விலா மரங்களுக்கு, நடுவே இருக்கிற இடைவெளியில் உப்பைக் கொட்டி நிரப்புவார்களாம். உப்பளத்து ஊர்க்காரனாக இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வருஷக்கணக்காகப் பலகையும் மரத்தடியும் ஏற்றி ஓடிய கப்பல் இது. கடைசிக் காலத்தில் நவம்பர் மாதம் வடக்கே போய் கிறிஸ்துமஸ் மரம் ஏற்றிவரும். நாம் சவுக்குக் கிளை நட்டு ஜோடிக்கிறோமே, இங்கே அதற்கு ஊசியிலை மரம். கேப்டன் ஹெர்மன் ஷூனமன் சிக்காகோ ஆற்றில் கிளார்க் தெருப் பாலத்தருகே கப்பலைக் கட்டி, தளத்திலிருந்தே நேராக ஜனங்களுக்கு விற்பார். இடைத்தரகர் இல்லாததால் விலை குறைவு. நவம்பர் இந்த ஏரிகளில் மிகக் கெட்ட மாதம். ஆனாலும் பண்டிகைச் சரக்கு அப்போதுதானே போக வேண்டும்.

1912 நவம்பர் 22 அன்று வடக்கே தாம்சன் துறையிலிருந்து கிளம்பினார்கள். மூவாயிரம் முதல் ஐயாயிரம் மரங்கள் இருந்திருக்கும் என்கிறார்கள். அறை நிறைந்து, தளத்திலும் உயரமாக அடுக்கியிருந்தது. கப்பலுக்கு அப்போது 44 வயது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எடைக்குப் பார்த்தால் இது பாரமான சரக்கு இல்லை. ஆனால் இடத்தை அடைக்கும், மேலே மேலே ஏறும், கப்பலின் கனம் மேல்பக்கம் போய்விடும். அதோடு உறைபனி. நன்னீர் சைபர் டிகிரியிலேயே உறையும், கடல்நீர் அதற்கும் ஏறக்குறைய இரண்டு டிகிரி கீழே போனால்தான். அலைத்துளி தளத்திலும் கயிற்றிலும் பாயிலும் விழுந்த இடத்திலேயே கட்டியாகிறது. தளம் 2,500 சதுர அடி என்று வையுங்கள். இரண்டு அங்குலம் பனிக்கட்டி பிடித்தாலே பத்து டன்னுக்கு மேல். ஒவ்வொரு கிளையும் ஒவ்வோர் ஊசியிலையும் தனித்தனியாகப் பனி பிடித்தால் எவ்வளவு ஏறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தப் பாரமெல்லாம் தளத்துக்கு மேலே. கீழே அலைத்தண்ணீர் உள்ளே புகுந்தால் சரிந்த கப்பல் நிமிர்வது கஷ்டம். நன்னீரில் கப்பல் ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாக இறங்கித்தான் மிதக்கும். எட்டு அடி மூழ்கும் கப்பலுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல்.

மறுநாள் 23ஆம் தேதி பிற்பகல் 2:50க்கு, மேற்குக் கரையில் இருக்கும் கெவானி ஊரின் உயிர்காப்பு நிலையத்தார் தூரத்தில் ஒரு ஸ்கூனரைக் கண்டார்கள். அபாயத்துக்கு அடையாளமாகக் கொடி அரைக்கம்பத்தில். அங்கே மோட்டார் படகு இல்லை, துடுப்புப் படகுதான். துறைமுகத்தில் இருந்த எஞ்சின் படகும் அன்று முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தது. 3:10க்கு தெற்கே இருக்கும் டூ ரிவர்ஸ் நிலையத்துக்குப் போன் போட்டார்கள். அவர்களிடம் மோட்டார் படகு உண்டு. உடனே இறக்கி, இருட்டின பிறகும் தேடினார்கள். கப்பல் கண்ணில் படவில்லை. யாரும் உயிரோடு திரும்பவில்லை.

கரைக்குத் திருப்பியிருக்கலாமே என்றீர்கள். அன்று அடித்தது வடமேற்குப் புயல்காற்று. கரை மேற்கே இருக்கிறது, காற்றோ கப்பலைக் கரையைவிட்டு ஏரிப்பக்கம் தள்ளுகிறது. துறைக்குள் வர வேண்டுமானால் எதிர்க்காற்றில் பாய் மாற்றி மாற்றி ஏற வேண்டும். உறைந்து பலகையாகிப்போன பாயையும் கப்பியில் ஓடாத கயிற்றையும் வைத்துக்கொண்டு அது நடக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

அதன்பிறகு பல வருஷம் மீனவர் வலையில் கிறிஸ்துமஸ் மரம் சிக்கியது. 1924இல் கேப்டனின் பணப்பையே வலையில் வந்தது. எண்ணெய்த்துணியில் சுற்றியிருந்ததால் உள்ளே காகிதங்கள் கெடவில்லை. 1971இல் ஒரு முக்குளிப்பவர் டூ ரிவர்ஸுக்கு அப்பால் 165 அடி ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார். நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருக்கிறது. பாய்மரங்களும் நங்கூரச் சங்கிலியும் அணியத்துக்கு முன்னால் கிடப்பதாலும், அணியம் அடிபட்டிருப்பதாலும், தலைகுப்புற இறங்கியது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சுக்கான் சக்கரம் அங்கே இல்லை. அது வேறு இடத்தில், வலையில் மாட்டி வந்தது. முழுகுவதற்கு முன்பே சுக்கான் போயிருந்தால், அலைக்கு முகம்கொடுத்து நிறுத்தவும் வழியில்லை. எனக்கு அதுதான் மனதை அறுக்கிறது.

சரக்கறையில் மரங்கள் இன்னும் அடுக்கினபடி இருக்கின்றன. குளிர்ந்த நன்னீரில் சிலவற்றில் ஊசியிலைகூட உதிரவில்லை. கேப்டனின் மனைவியும் மகள்களும் மர வியாபாரத்தை விடாமல் பல வருஷம் நடத்தினார்கள். கப்பலின் நங்கூரம் இங்கே மில்வாக்கியில் ஒரு படகுக் கழகத்தின் வாசலில் நிற்கிறது. படம் எடுத்துத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன், பாருங்கள்.

ஒரு சந்தேகம். மாலத்தீவுக்குப் போகும்போது தளத்தின்மேல் எவ்வளவு உயரம்வரை சரக்கு ஏற்றுவீர்கள்? புயல் பிடித்தால் கடலில் தள்ளுவதற்கு வசதியாகக் கட்டுவதுண்டா, இல்லை அசையாமல் இறுக்கிக் கட்டுவதா? வங்குக்கு நடுவே உப்பு போடும் வழக்கம் நம் தோணிகளில் இருந்ததா? தம்பியிடம் சொல்லி விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. குளிர்காலம் வருகிறது, முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்