தூர்வாரும் டெண்டருக்கு முன் ஒரு கேள்வி

துறைமுக நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். துறைமுகத்தின் அடிச்சேற்றில் பாதரசமோ, பிசிபி என்ற நச்சுக் கரிமச் சேர்மமோ இருக்கிறது என்று அறிக்கை வந்தால் உங்கள் முதல் கேள்வி, எத்தனை கன மீட்டர் அள்ள வேண்டும் என்பதுதான். அள்ளியதை எங்கே வைப்பது என்பது கடைசியில்தான் வருகிறது. என் சண்டை அதோடுதான்.

அள்ளவே கூடாது என்று சொல்லவில்லை. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) மேல் பாதரசம் இருந்த சேறு சுமார் 15 லட்சம் கன மீட்டர். 1977 முதல் 1990 வரை அதில் ஒரு பகுதியை அள்ளி, மீதியை இருந்த இடத்திலேயே மூடி, 58 ஹெக்டேர் நிலமாக மாற்றினார்கள். பாதரசம் மறைந்துவிட்டதா? இல்லை, அந்த நிலத்துக்கு அடியில்தான் கிடக்கிறது. உலோகத்தை எரிக்கவும் முடியாது, நுண்ணுயிரி தின்று தீர்க்கவும் முடியாது, இடம்தான் மாற்றலாம்.

அப்புறம், கிளறுவதே ஒரு ஆபத்து. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் காட்மியம், துத்தநாகம், ஈயம் எல்லாம் சல்பைடோடு சேர்ந்து கரையாமல் அடங்கிக் கிடக்கும். வாளியை உள்ளே விட்டதும் ஆக்சிஜன் பட்டு அந்தப் பிணைப்பு உடைகிறது, உலோகம் தண்ணீருக்குள் வருகிறது.

சரி, அள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் மணலைத் தனியே பிரியுங்கள். நஞ்சு பெரும்பாலும் நுண்துகளில்தான் ஒட்டியிருக்கும். ஹாம்பர்க் துறைமுகத்தின் மேத்தா ஆலை 1993இல் தொடங்கியதே இதற்காகத்தான்: மணலைப் பிரித்து, வண்டலில் நீரைப் பிழிந்து எடுத்தால் அடைத்து வைக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறையும்.

அலையும் கப்பல் விசிறியும் அதிகம் கிளறாத மூலைகளில், பிசிபி மாதிரி கரிமச் சேர்மங்களுக்கு, ஆக்டிவேட்டட் கார்பன் என்ற நுண்துளைக் கரியைச் சேற்றோடு கலந்து பாருங்கள். கரி அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், புழுக்களின் உடம்புக்குள் போவது குறையும். ஆனால் சேற்றில் உள்ள மொத்த அளவு குறையாது. நீங்களோ அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து "தோல்வி" என்று எழுதிவிடுவீர்கள்! சேற்றின் இடுக்கு நீரையும் அங்கே வாழும் புழுக்களையும் சோதிக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நஞ்சு வரும் குழாயை முதலில் அடைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த டெண்டர் அறிவிப்பிலேயே இரண்டு விஷயங்களைச் சேருங்கள்: சேறு போய்ச் சேரும் இடம், அந்த இடத்தை எத்தனை ஆண்டுகள் யார் கண்காணிப்பார்கள் என்ற விவரம். இரண்டும் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்.