ஹவாய் சட்டை அணிவதற்கே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஆடைகளைச் சேகரிப்பது பற்றி வெளியான கட்டுரையில், 1940, 50களின் ஹவாய் சட்டைகளை வாங்கியவர்கள் அவற்றைக் கண்ணாடி பதித்த பெட்டியில் வைத்துச் சுவரில் மாட்டுவதே பாதுகாப்பானது என்று கூறப்பட்டிருந்தது. இந்தச் சட்டைகளைச் சேகரித்து, அணிந்தும் வருபவன் என்ற முறையில் இதனை மறுக்க விரும்புகிறேன்.

அன்னாசிப்பழம், ஹூலா நடனப் பெண்கள், அலைச்சறுக்கு வீரர்கள், பறக்கும் மீன்கள் எனக் கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே துணியில் அள்ளித் தெளித்த இந்தச் சட்டைக்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. ஹொனலுலுவில் ஜவுளிக்கடை நடத்திய எல்லரி சுன் 1930களில் கிமோனோவுக்கான ஜப்பானியத் துணியில் சட்டைகள் தைத்து விற்று, 1937இல் ‘அலோஹா சட்டை’ என்ற பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வழவழப்பான ரேயான் துணியில் வண்ணங்கள் ஆழமாகப் பிடித்ததால், சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலையும் சட்டைகளில் பெரும்பாலானவை அந்தப் பத்தாண்டில் பிறந்தவையே. அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1951 டிசம்பரில் ‘லைஃப்’ இதழின் அட்டையில் இத்தகைய சட்டையுடன்தான் காட்சியளித்தார். அலுவலகக் கதவு மட்டும் எளிதில் திறக்கவில்லை. 1962இல் ஹவாய் ஆடைத் தயாரிப்பாளர்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சட்டைகளைப் பரிசளித்து ஆதரவு திரட்ட வேண்டியிருந்தது. 1966இல்தான் வெள்ளிக்கிழமைகளில் இதை அணிந்து வேலைக்கு வரும் வழக்கம் அங்கே நிலைபெறத் தொடங்கியது. வெப்பமண்டலத் தீவில் கோட்டு, டை ஆகியவற்றை எதிர்த்து வென்ற ஓர் ஆடையைச் சுவரில் மாட்டிவிடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

பாதுகாப்பு என்ற வாதமும் நிற்காது. பழைய சாயத்தை வெளுக்கச் செய்வதில் முதலிடம் வெளிச்சத்துக்கே. அருங்காட்சியகங்கள் துணிகளின் மீது 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவுக்கு மேல் ஒளி விழாமல் கவனித்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அவற்றை இருட்டறைக்கு மாற்றிவிடுகின்றன. வீட்டு வரவேற்பறையில், சன்னலுக்கு எதிர்ச்சுவரில், ஆண்டுக்கணக்கில் தொங்கும் சட்டைக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. மாதம் ஒருமுறை மாலை நேரத்தில் அணிந்துவிட்டு அலமாரிக்குள் மடித்து வைக்கும் சட்டை அதைவிட நீண்ட நாள் வாழும். கவனிக்க வேண்டியது துவைப்பதில்தான். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால், சாயம் போகவில்லை என்று ஓரத்தில் சோதித்தபின், குளிர்ந்த நீரில் கையால் அலசி, பிழியாமல், துண்டின் மேல் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். கழுத்துப்பட்டி மடிப்பில் இழை விட்டுப்போன சட்டையை மட்டும் நானும் அணிவதில்லை.

கட்டுரை, கழுத்தின் உட்புறம் தைத்திருக்கும் தயாரிப்பாளர் சீட்டை மட்டும் வைத்துச் சட்டையின் வயதைச் சொல்லிவிடலாம் என்பதும் சரியன்று. பழைய பாணிச் சீட்டுகளோடு புதிய சட்டைகள் ஏராளமாக வருகின்றன. (ஜப்பானின் ‘சன் சர்ஃப்’ போன்ற ஆடை நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே நேர்மையாகச் செய்யும் மறுபதிப்புகள் மிக நேர்த்தியானவை, அவற்றின் மேல் எனக்குப் புகார் இல்லை.) நூலிழையின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1960இலும், துவைக்கும் முறையைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 1972இலும் நடைமுறைக்கு வந்தன. எனவே, துவைக்கும் குறிப்பு தைக்கப்பட்ட ஒரு சட்டையை ‘1950களின் அசல்’ என்று ஒருவர் விற்றால், அதை ஐயத்துடன்தான் பார்க்க வேண்டும். சட்டைப்பையின் ஓரத்தில் படம் துண்டுபடாமல் தொடர்வது நல்ல தையலுக்கு அடையாளமே தவிர, வயதுக்குச் சான்றாகாது.

இனி இத்தகைய ஆடைகளின் படங்களை வெளியிடும்போது, கீழ்மடிப்பைப் புரட்டி உட்புறத்தையும் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெளிச்சம் படாத அந்த விரலகலப் பகுதியில்தான் அச்சின் முதல் நிறம் மிஞ்சியிருக்கும். வாங்க நினைக்கும் வாசகர், சட்டை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை அதைக்கொண்டே கணிக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்